கிணற்றிலிருந்து ஏறி வந்த அஞ்சலை

"நீங்க எதுக்கு பெரிம்மா அவ்ளோ தூரம்? வெயிலு வேற. கூட்டத்துல உக்கார எடம்கூட கெடைக்காது" என்றாள் ஜெயசீலி.

"உனக்குக் கெடைக்குமா?"

"எனக்கு முன்வரிசையில போட்டிருக்காங்க."

"அப்ப உனக்குப் பின்னால நாங்க" என்றாள் பக்கத்து வீட்டு ரத்தினம்மா. பேச்சு முடிந்தது. பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, புறப்பட்டுத்தான் வந்து நின்றாள்.

அவளுக்குப் பின்னால் மருமகள் ராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். "இவுங்களைத் தனியா அனுப்புனா இவுங்க புள்ள என்னைத்தான் கேப்பாரு. இன்னா மாநாடோ, இன்னா கதையோ. ஒரு நாயித்துக்கெழம உண்டா எனக்கு?"

"உன்னை யாரு வரச்சொன்னா?"

"ஆமா, நீங்க எங்கனா வழி தெரியாம நின்னுக்கினு தேம்புனா?"

ஜெயசீலியின் கையில் நாலாக மடித்த காகிதங்கள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தன. வியர்வை வெயிலால் வந்தது அல்ல.

'வெண்பிறை' வாரப் பத்திரிகையின் வாசகர் மாநாடு பக்கத்து ஊரான ஊரிகத்தில் நடக்கப்போகிறது என்று நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் ஜெயசீலிக்குத் தனி மதிப்பு. பெங்களூரிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் வாசகர்கள் வருகிறார்கள். 'சுகந்தி நிலையம்' தொடர்கதை எழுதுகிற சந்திரவதனனே ரயிலேறி வருகிறார். வாசகசாலைச் செயலாளர் நெடுஞ்செழியன் ஜெயசீலியின் புருஷன் சிரிலிடம், "உங்க வீட்டுல எழுதுவாங்களாமே? உள்ளூர் எழுத்தாளர் அறிமுகம்னு மூணு பேரை மேடையில ஏத்தறோம். ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க, சந்திரவதனன் கேப்பாரு" என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்தச் சேதி வந்த நாள் முதல் ஜெயசீலிக்குச் சோறு இறங்கவில்லை. பாதி சந்தோஷம். மீதிப் பாதி ரத்தினம்மா.

ஏனென்று சொல்ல வேண்டுமானால் போன வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த லைனில் பகலில் வீட்டில் இருக்கிற பெண்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் ஜெயசீலி ஒருத்திதான். வியாழக்கிழமை மெட்ராஸ் ரயிலில் 'வெண்பிறை' வரும். சிரில் ஷிப்ட் முடிந்து திரும்புகையில் ஸ்டேஷனில் வாங்கி வருவான். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் வாசற்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். சுற்றிலும் பெண்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பார்கள். கதாநாயகி சுகந்தியை யாருக்கும் பிடிக்காது. "எப்பப் பாரு அழுவறா, தலைகாணி நனைஞ்சுதாம்!" என்பாள் ஜெயம்மா. எல்லாருக்கும் பிடித்தவள் சுகந்தி வீட்டு வேலைக்காரி அஞ்சலை. எஜமானியம்மாளுக்கே வாய்க்கு வாய் பதில் சொல்லுகிறவள். அஞ்சலை வந்துவிட்டால் முறத்தில் கைகள் நின்றுவிடும்.

அப்போதுதான் ஒரு நாள் பூமிக்கடியில் பாறை வெடித்தது. லைனில் இருந்த பாத்திரமெல்லாம் பரணிலிருந்து உருண்டது. சுரங்கத்துச் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. பெண்கள் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடினார்கள். ரத்தினம்மாவின் புருஷன் ராஜப்பாவைத் துணி போர்த்தி மேலே கொண்டுவந்தார்கள்.

துக்கம் கழிகிற வரைக்கும் ரத்தினம்மா வாசற்படி தாண்டக் கூடாது. அழவும் இல்லை, பேசவும் இல்லை. சாயங்காலம் ஷிப்ட் முடிகிற சங்கு ஊதினால் மட்டும் ஒரு தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து, "கை கழுவிக்கினு வாங்க" என்பாள். மகன் ராஜு தலையைக் குனிந்துகொள்வான். ராணி பயந்துபோய் அக்கம்பக்கத்தில் சொன்னாள், "அத்தைக்கு புத்தி கலங்கிப்போச்சு. குடியாத்தத்துல அவங்க நாத்தனாரு வூட்டுக்கு அனுப்பிடலாம்னு இவருகிட்ட சொல்றேன், கேக்க மாட்டேங்கறாரு."

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெயசீலி வாசலில் எல்லாருக்கும் படித்தாள். எஜமானியம்மாள் அஞ்சலைமேல் திருட்டுப் பட்டம் கட்டுகிறாள். அஞ்சலை கிணற்றில் குதித்துச் செத்துப்போகிறாள். நாலு வரி. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஜெயம்மாதான் சொன்னாள், "த பாரும்மே, ரத்தினம்மாக்கு இந்தக் கதைன்னா உசுரு. போய்ப் படிச்சுக் காட்டு, பாவம். ஆனா அஞ்சலை செத்ததைச் சொல்லாத. யாரும் அவகிட்ட அந்தப் பேச்ச எடுக்காதீங்க. சாவுற சேதி போதும் அந்த வூட்டுக்கு."

ராணி ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குப் போயிருந்த நேரம். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ரத்தினம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயசீலி படித்தாள். கிணற்றடிக்கு வந்ததும் கண் வாய்க்கு முன்னால் ஓடியது. வாய் தயங்கவில்லை. "அஞ்சலை விழும்போதே கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்" என்று படித்தது.

ரத்தினம்மா திரும்பினாள். "ஏறிட்டாளா?"

"ஏறிட்டா பெரிம்மா."

"எப்படி?"

ராஜப்பா செத்த பிறகு அவள் உயிரோடு இருக்கிற ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஜெயசீலி இல்லாத பக்கத்தைப் புரட்டி, அஞ்சலை கிணற்றுச் சுவரில் கால் வைத்து ஏறியதைச் சொன்னாள். நனைந்த புடவையோடு எஜமானியம்மாள் முன்னால் போய் நின்று, "நான் திருடியிருந்தா அந்தத் தண்ணி என்னை வுட்டிருக்குமாடி?" என்று கேட்டதைச் சொன்னாள். ரத்தினம்மா தொடையில் தட்டிக்கொண்டாள். "கேட்டாளா! அப்படிக் கேளு!"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. துக்கம் கழிந்தும் ரத்தினம்மா, "கூட்டத்துல வேணாம் கண்ணு, நீ வந்து படி" என்றாள். வாரா வாரம் அஞ்சலை வாழ்ந்தாள். ராயபுரம் போனாள். இட்லிக் கடை வைத்தாள். மாமூல் கேட்ட போலீஸ்காரனின் தொப்பியில் சட்னியை ஊற்றினாள். சாயங்காலத் தட்டில் சோறு வைப்பது தானாக நின்றுபோயிற்று. ராஜுவும் குடியாத்தம் பேச்சுக்கு இடம் கொடுக்கவே இல்லை.

முதலில் இரக்கம்தான். அப்புறம் அது இரக்கம் இல்லை என்று ஜெயசீலிக்குத் தெரியும். அடுப்படியில் நிற்கும்போது போலீஸ்காரன் சொல்ல வேண்டிய பதில் ஒன்று நினைவில் வந்து தானாகச் சிரிப்பாள். மேடையில் படிப்பதற்கென்று அடித்து அடித்து எழுதிய கதையில் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

ஆக, மூன்று பேரும் ஊரிகம் வரை நடந்தார்கள். வழியில் ஜெயசீலி சொல்லிவைத்தாள்: "பெரிம்மா, அங்க பொம்பளைங்க கேள்வி கேக்கக் கூடாதாம். சும்மா பாத்துட்டு வரணும்."

"நான் எதுக்குக் கேக்கறேன்? ஆளைப் பாத்தா போதும்."

மண்டபம் நிறைந்து வழிந்தது. தோரணம், ஒலிபெருக்கி, சோடா பாட்டில். ஜெயசீலி இதுவரை இத்தனை படிக்கிற ஜனத்தை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து தொடர்கதைகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 'நானும் இவங்கள்ல ஒருத்தி' என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தாள். இரண்டு வரிசை தள்ளி ரத்தினம்மாவும் ராணியும்.

சந்திரவதனன் ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜலதோஷத்தோடு இருந்தார். "உங்க ஊர் ராத்திரிக் குளிர் என் கதையில வர வில்லனைவிட மோசம்" என்றதும் கூட்டம் சிரித்தது. நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். பேசி முடித்ததும் நெடுஞ்செழியன், "வாசகர்கள் கேள்வி கேக்கலாம்" என்று அறிவித்தார்.

பெங்களூரிலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண் எழுந்து, சுகந்திக்கு எப்போது கல்யாணம் என்று கேட்டாள். அவர் பதில் சொன்னார். வழியில் ஜெயசீலி சொல்லிவைத்த பொய் அத்தோடு உடைந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பழக்கமான குரல் கேட்டது.

"ஐயா, வணக்கமுங்க. பொம்பளைங்க கேக்கலாம்ன்றாங்க, அதான். நம்ம அஞ்சலை இருக்காளே, அவ கடையை அந்த போலீஸ்காரன் எடுக்கச் சொன்னானே. மறுபடி கடை போட்டாளாங்க? போன வாரம் சொல்லாம வுட்டுட்டீங்க."

சந்திரவதனன் நெடுஞ்செழியனைப் பார்த்தார். "எந்த அஞ்சலைம்மா?"

"சுகந்தி வூட்டுல வேலை செஞ்சாளே."

"அவளா? அவதான் எப்பவோ கிணத்துல விழுந்து போயிட்டாளே அம்மா."

"வுழுந்தாங்க. நான் இல்லேன்னு சொல்லல. கயிறைப் புடிச்சிக்கினு ஏறிட்டா இல்ல? அப்புறம்தானே ராயபுரத்துல இட்லிக் கடை வெச்சா?"

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் பரவியது. "பேயா வந்து கடை வெச்சாளா பாட்டி?" என்றது ஒரு குரல். "எனக்கு நாலு இட்லி கட்டச் சொல்லுங்க!" என்றது பின்வரிசை.

ரத்தினம்மாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். எல்லாருக்கும் அஞ்சலையைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். "ஆமாங்க, அவ இட்லி மல்லிப்பூவாட்டம் இருக்குமாம்" என்றாள். அதற்கு வந்த சிரிப்பில்தான் அவள் முகம் மாறிற்று. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"நான் அப்படி எழுதலையேம்மா" என்றார் சந்திரவதனன் மெதுவாக.

"நீங்க எழுதலன்னா யாரு எழுதனது?"

ராணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்கத்தே, மானம் போவுது." ரத்தினம்மா உட்காரவில்லை. "சீலி! நீ சொல்லு கண்ணு. நீதானே படிச்சே?"

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. நெடுஞ்செழியன் கையில் இருந்த நிகழ்ச்சி நிரலில் அடுத்த பெயர் ஜெயசீலியுடையது. அவர் அவளைப் பார்த்தார். சந்திரவதனனும் பார்த்தார். ஜெயசீலி எழுந்தாள். 'நான்தான்' என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. பத்திரிகையில் இல்லாததைப் படித்து ஏமாற்றியவளை அப்புறம் மேடைக்கு யார் கூப்பிடுவார்கள்? வாய் அதற்குள் வேறு வழியைக் கண்டுபிடித்திருந்தது. எப்போதும் தயங்காத வாய்.

"அவங்க வீட்டுக்காரர் மைன்ல பாறை வெடிச்சு இறந்துட்டாரு சார். அதுலேருந்து அவங்களுக்கு... கொஞ்சம் மனசு சரியில்லை."

மண்டபம் "த்சொ" என்றது. சிரித்தவர்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தார்கள். சந்திரவதனன் கை கூப்பி, "உட்காருங்க தாயே" என்றார். ரத்தினம்மா உட்கார்ந்தாள். ஜெயசீலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏறினாள். அடையாற்றுப் பங்களாவில் ஜன்னலோரம் வீணை வாசிக்கும் ஒரு சீமாட்டியைப் பற்றிய பக்கத்தைப் படித்தாள். அடையாற்றையும் பார்த்ததில்லை, வீணையையும் தொட்டதில்லை. கை தட்டினார்கள். "நல்ல நடை. தொடர்ந்து எழுதுங்கள்" என்றார் சந்திரவதனன். மேடையேறிய மூன்று பேருக்கும் அதையேதான் சொன்னார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்து, "அந்த அம்மா சொன்ன இட்லிக் கடையும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தோணாமப் போச்சே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மேடைமேல் நின்றபடி ஜெயசீலியும் சிரித்தாள்.

திரும்பும்போது ராணிதான் பேசிக்கொண்டு வந்தாள். "நூறு தடவ சொன்னேன் உங்க புள்ளைகிட்ட. இப்ப ஊரே பாத்தாச்சு. சீலியக்காவே சொல்லிட்டாங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்லத் தேவையில்ல."

சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைடு மேட்டுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தினம்மா நடையை நிறுத்தினாள். ஜெயசீலியின் கையைப் பிடித்தாள்.

"ஏன் சீலி, நீ படிச்ச மாதிரியே இருந்திச்சே எனக்கு. உன் குரலுகூட காதுல கீதே. அவரு போன புதுசுல அவரு கை கழுவற சத்தம் கேக்கும் எனக்கு. எழுந்து பாத்தா ஆளு இருக்காது. இதுவும் அது மாதிரிதானா?"

ராணி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"போய்ப் படுங்க பெரிம்மா. எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள் ஜெயசீலி.

வீட்டில் சிரில் காத்துக்கொண்டிருந்தான். "இன்னா, படிச்சியா?"

"படிச்சேன்."

"கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படிக் கீது?"

"தலைவலி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று ரத்தினம்மா வீட்டுப் பக்கம் அவள் காதைக் கொடுக்கவில்லை. தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் ராணியின் குரலும் ராஜுவின் குரலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. மூன்றாவது குரல் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குழாயடியில் குடங்கள் வரிசையில் நின்றன. ராணி அவிழ்த்துவிட்டாள். "கேட்டீங்களா கதைய? மாநாட்டுல எங்கத்தை எழுந்து நின்னு, கிணத்துல செத்தவ இட்லிக் கடை வெச்சிருக்கான்றாங்க! கைகொட்டிச் சிரிச்சாங்க. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்தது. நேத்தே முடிவு பண்ணிட்டோம். அவரு லீவு சொல்லிட்டு நாளைக்குக் குடியாத்தம் இட்டுக்கினு போறாரு."

"ஐயோ, இப்பதானே நல்லா தேறி வந்தா?" என்றாள் ஜெயம்மா.

"தேறினாங்களா? சீலியக்காவைக் கேளுங்க. அத்தினி பேரு முன்னால அவங்கதான் சொன்னாங்க, மனசு சரியில்லன்னு."

எல்லாரும் ஜெயசீலியைப் பார்த்தார்கள். அவள் ராணியின் தோளுக்குமேல் பார்த்தாள். இரண்டாவது குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்தினம்மா வந்துகொண்டிருந்தாள். நேற்றுக் கட்டிய நீலப் புடவையையே கட்டியிருந்தாள். யாரிடமும் பேசாமல், குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, தப்புச் செய்தவளைப் போல் ஒதுங்கி நின்றாள்.

"பெரிம்மாவுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் ஜெயசீலி.

"இன்னாது?" என்றாள் ராணி.

"அவங்க சொன்னதெல்லாம் நான் படிச்சதுதான். புஸ்தகத்துல இல்ல. நானே சேத்துப் படிச்சேன். கயிறு, கடை, போலீஸ்காரன், எல்லாம் நான்தான்."

குழாய்த் தண்ணீர் நிறைந்த குடத்தின்மேல் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. ஜெயம்மாவுக்குத்தான் முதலில் வாய் வந்தது. "அடிப்பாவி! சாவை மறைன்னுதானே சொன்னேன்? கடை வெக்கவா சொன்னேன்?"

யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். ராணி குடத்தை இறக்கி வைத்தாள். "அப்ப எதுக்கு நேத்து அப்படிச் சொன்னீங்க? நான் ராவு முழுக்க அவருகிட்ட சண்டை போட்டிருக்கேன். அத்தைய ஊரை விட்டே அனுப்பப் பாத்தேனே!"

ஜெயசீலி வாய் திறப்பதற்குள் ரத்தினம்மா கிட்டே வந்தாள்.

"அப்ப அஞ்சலை செத்துட்டாளா?"

"ஆமா பெரிம்மா."

"எப்ப?"

"அப்பவே. பெரியப்பா போனாரே, அந்தச் சமயத்துல."

ரத்தினம்மா கொஞ்ச நேரம் அதை மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. கோபம் தெரிந்திருந்தால் ஜெயசீலிக்குத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கும்.

"சரி. அன்னிக்கு நீ பொய் படிச்சது எனக்காக. அதுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நேத்து நான் எழுந்து நின்னு கேட்டேனே. அப்ப நீ சொன்னது யாருக்காக?"

"எனக்காக" என்றாள் ஜெயசீலி. "உண்மைய சொன்னா மேடைக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

"ராவெல்லாம் நான் தூங்கல, தெரியுமா? எதெல்லாம் நடந்தது, எதெல்லாம் நடக்கலன்னு ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துக்கினு கெடந்தேன். என் கல்யாணம்கூட நடந்துதா இல்லையான்னு வந்துட்டேன்."

ஜெயம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ மேடையில படிச்சே பாரு, அந்த வீணைக்காரி கதை" என்றாள் ரத்தினம்மா. "எனக்கு ஒண்ணும் வெளங்கல. நம்மளுக்குத்தான் புத்தி போயிடுச்சே, எங்க வெளங்கப் போவுதுன்னு நெனச்சிக்கினேன். ஆனாலும் நம்ம லைன் பொண்ணாச்சேன்னு எல்லாரையும்விட சத்தமா கை தட்டினேன்."

ஜெயசீலி தரையைப் பார்த்தாள். தரையில் சிந்திய தண்ணீரில் எல்லாருடைய கால்களும் தெரிந்தன.

"ராணி, குடத்தைத் தூக்கு. நேரமாச்சு, நீ வேலைக்குப் போவணும்."

ராணி ஓடிப்போய் மாமியாரின் குடத்தையும் சேர்த்து நிரப்பித் தூக்கிக்கொண்டாள். இருவரும் நாலடி நடந்திருப்பார்கள்.

"பெரிம்மா" என்று கூப்பிட்டாள் ஜெயசீலி. "வெள்ளிக்கெழம வரட்டுமா?"

ரத்தினம்மா நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

"அதான் அவ செத்துட்டாளே கண்ணு. இன்னாத்த படிக்கப் போற?"